நம்ம வீட்டு பிளான்ல அடுத்தவர் சர்வே நம்பர் எப்படி வந்துச்சு?

ஆடிக் காற்றில் சுரண்டையில் ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. திறந்தால் மேஜையில் இருக்கிற பேப்பர் அத்தனையும் தெருவுக்குப் போய்விடும். அதனால் மாடி அறை ஜன்னலை அடைத்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம், நானும் பெரியப்பா மகளும். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தவள் நான். ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "இந்த வாரம் எழுத ஒண்ணுமே கிடைக்கலக்கா" என்று புலம்பினேன்.

அக்கா டிப்ளமோ சிவில் படித்தவள். கல்யாணம், குழந்தை என்று நான்கு வருடம் வேலைக்குப் போகவில்லை. இப்போது வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறாள். லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர் ஒருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். சுரண்டை நகராட்சியான பிறகு, சுற்றியுள்ள கிராமங்களில் இருந்தும் "பிளான் போடணும் தாயி" என்று வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

"எழுத ஒண்ணுமில்லையா? அண்ணாச்சி கதைய எழுது. அவுக பேரு மட்டும் போட்டுராத" என்றாள்.

அந்தக் கதை இதுதான். காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சி, தன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட நினைத்தார். நாலரை சென்ட் இடம். வைகாசியில் ஓட்டைப் பிரித்தாயிற்று. வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒற்றை அறை வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா பிளான் வரைந்தாள், இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டார், ஆன்லைனில் அனுமதியும் கிடைத்தது. வங்கிக் கடனில் முதல் தவணை வரவேண்டியதுதான் பாக்கி.

வங்கியில் இருந்து இடத்தைப் பார்க்க வந்த வேல்யூவர், பட்டாவையும் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெயர் சரி. தெரு சரி. ஆனால், பிளானில் இருந்த சர்வே நம்பர் அண்ணாச்சியுடையது அல்ல. பட்டாவில் நாலரை சென்ட், அதாவது 1,960 சதுர அடி. பிளானின் கீழ்மூலையில் இருந்த பரப்பளவு அட்டவணையில் 2,287 சதுர அடி, அதாவது ஐந்தேகால் சென்ட். முக்கால் சென்ட் நிலம் வானத்திலிருந்து விழுந்திருக்கிறது!

ஃபைல் திரும்பி வந்துவிட்டது. பிளானைத் திருத்தி, இன்ஜினீயர் ஊருக்குத் திரும்பும்வரை காத்திருந்து, மறுபடியும் கையெழுத்து வாங்கி, அனுமதியையும் புதிய பிளானோடு சரிசெய்து, வங்கிக்குக் கொண்டுபோவதற்குள் சாரல் தொடங்கிவிட்டது. தோண்டிய வாணத்தில் தண்ணீர் நின்றது. "அந்த அம்மா எனக்குப் போன் போட்டு ஒண்ணுமே திட்டல. 'தாயி, நான் எங்க வீட்டுலதான் சாவணும்னு இருந்தேன், சீக்கிரம் முடிச்சுக் குடு'ன்னாவ. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல" என்றாள் அக்கா.

எப்படி நடந்தது? அண்ணாச்சிக்கு முன்னால், பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவருக்கு அக்கா பிளான் வரைந்திருந்தாள். அதே மாதிரி தெற்குப் பார்த்த இடம். அந்த ஃபைலைத் திறந்து, 'சேவ் அஸ்' கொடுத்து, பெயரை மாற்றி, சுவர்களை நகர்த்தி வேலையை ஆரம்பித்தாள். பெயரை மாற்றியவள் சர்வே நம்பரை மாற்ற மறந்துவிட்டாள். பரப்பளவைக் கையால் அடித்து வைத்திருந்ததால் அதுவும் அப்படியே நின்றுவிட்டது.

இதைக் கேட்டு நான் அவளைக் குறை சொல்ல முடியாது. போன வருடம், மழை விடுமுறைச் செய்தி ஒன்றை அவசரத்தில் பழைய செய்தியின் மேலேயே அடித்து ஏற்றினேன். தலைப்பில் தென்காசி, கடைசிப் பத்தியில் நீலகிரி. சீனியர் கவனித்துத் திருத்துவதற்குள் அதற்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள்! பழைய காப்பியின் மேல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த விபத்து ஒருநாள் நடக்கும்.

அளவு ஜாக்கெட்டும் பேப்பர் கட்டிங்கும்

அண்ணாச்சி விஷயத்துக்குப் பிறகு அக்கா பழைய ஃபைலில் 'சேவ் அஸ்' கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். டெம்ப்ளேட் ஒன்றைத் தயார்செய்து, எந்த பிளானையும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறாள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். தையல் தெரிந்த எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள்.

"டெய்லர்கிட்ட இன்னொருத்தியோட தச்ச ஜாக்கெட்டைக் குடுத்து, இதைப் பிரிச்சு எனக்குத் தச்சுக் குடுங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? எங்கயாவது ஒரு இடத்துல அவ அளவு நிக்கும். அதுதான் சேவ் அஸ். டெம்ப்ளேட்டுங்கறது பேப்பர் கட்டிங். அதுல யாரோட துணியும் கிடையாது, வெட்ட வேண்டிய கோடு மட்டும்தான் இருக்கும்."

ஆட்டோகேடில் சாதாரண வரைபடம் டி.டபிள்யூ.ஜி என்ற வகை ஃபைலாகச் சேமிக்கப்படும். டெம்ப்ளேட்டுக்கு டி.டபிள்யூ.டி என்று தனி வகை. அதிலிருந்து புதிதாகத் தொடங்கும்போது 'டிராயிங்1' என்று பெயரில்லாத ஒரு புது ஃபைல் திறக்கும். அவசரத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினாலும், எங்கே, என்ன பெயரில் சேமிக்கட்டும் என்று கேட்குமே தவிர, மூல டெம்ப்ளேட்டைத் தொடாது. பழைய வாடிக்கையாளரின் ஃபைலைத் திறந்து வேலை பார்த்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சேவ் அஸ் கொடுக்க மறந்தால் வாத்தியார் வீடு போய் அண்ணாச்சி வீடு உட்கார்ந்துகொள்ளும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆட்டோகேட் முதலில் வெளிவந்தது 1982 டிசம்பரில். அதன் ஆரம்பகாலப் பதிப்புகளிலேயே 'புரோட்டோடைப் டிராயிங்' என்று ஒன்று உண்டு. புது வரைபடம் எதைத் தொடங்கினாலும் அதன் நகலாகத்தான் தொடங்கும். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்திலும் பெரிய அலுவலகங்களில் பார்டரும் பெயர்க்கட்டமும் அச்சடித்த ட்ரேஸிங் ஷீட்டுகள் இருந்தன. மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலிடெக்னிக் போன அப்பாக்கள், ஷீட்டின் வலது கீழ்மூலையில் 185 மி.மீ-க்கு 65 மி.மீ கட்டம் போட்டது ஞாபகம் இருக்கும். அது ஏன் அந்த மூலையில் என்று நான் யோசித்ததே இல்லை. பெரிய ஷீட்டை ஏ4 அளவுக்கு மடித்தால், அந்தக் கட்டம் மட்டும் மேலே தெரிய வேண்டும். ஃபைலைப் பிரிக்காமலே இது யார் வீடு என்று தெரிய வேண்டும். அண்ணாச்சி விஷயத்தில் அந்தக் கட்டம்தான் பொய் சொன்னது.

டெம்ப்ளேட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

அக்கா தன் டெம்ப்ளேட்டைத் திறந்து காட்டினாள். ஒரு வீடும் இல்லை. வெறும் கட்டமும் சில எழுத்துகளும்தான். வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருக்கிறது.

முதலில் அலகு. நம் ஊரில் இடத்தைச் சென்டில் பேசுகிறோம், அறையை அடியில் பேசுகிறோம், அரசு ஆவணம் மீட்டரில் இருக்கிறது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி அல்லது 40.47 சதுர மீட்டர். ஆட்டோகேடோடு வருகிற டெம்ப்ளேட்டுகளில் 'அகேட்' என்பது அங்குலக் கணக்கு, 'அகேட்-ஐசோ' என்பது மில்லிமீட்டர் கணக்கு. எது திறந்திருக்கிறது என்று பார்க்காமல் வரைய ஆரம்பித்தால் வம்புதான். ஒருமுறை, மில்லிமீட்டரில் வரைந்த கட்டில் படத்தை மீட்டரில் இருந்த பிளானுக்குள் அக்கா இழுத்துப் போட்டிருக்கிறாள். கட்டிலின் நீளம் 1,900 மி.மீ. அது பிளானில் 1,900 மீட்டராக விழுந்தது. சுரண்டை பஸ் ஸ்டாண்டில் தலை வைத்தால் கால் ஊருக்கு வெளியே நீட்டும்! 'யூனிட்ஸ்' கட்டளையில் இந்த வரைபடத்தின் அலகு எது என்று டெம்ப்ளேட்டிலேயே சொல்லிவைத்து, கட்டில், கதவுப் படங்களிலும் அதை ஒழுங்காகக் குறித்திருந்தால், மென்பொருளே அளவை மாற்றி உள்ளே வைக்கும்.

அடுத்தது லேயர். வெங்காயத் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒரு தாளில், கதவு ஜன்னல் ஒரு தாளில், அளவுகள் ஒரு தாளில், மின்சாரம் ஒரு தாளில். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும்போது மற்றவற்றை மங்கலாக்கிவிடலாம். ஒவ்வொரு லேயருக்கும் நிறம், கோட்டின் தடிமன், கோட்டு வகை எல்லாம் ஒருதடவை தீர்மானித்துவிட்டால் அடுத்த பிளானில் அந்த வேலை இல்லை. கட்டட அனுமதி வரைபடங்களுக்கு நிற மரபும் உண்டு. தேசிய கட்டட விதித் தொகுப்பின்படி புதிதாகக் கட்டப்போவது சிவப்பு, இடிக்கப்போவது மஞ்சள், கழிவுநீர்க் குழாய் சிவப்புப் புள்ளிக்கோடு. இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் மனப்பாடமாகச் செய்தால் ஒருநாள் மறக்கும்.

'டெஃப்பாயின்ட்ஸ்' என்று ஒரு லேயர் இருக்கிறதாம். அளவுக்கோடு போட்டதும் மென்பொருள் தானாக உருவாக்கிக்கொள்ளும். அதில் எதை வரைந்தாலும் திரையில் தெரியும், பிரின்ட்டில் வராது. படிக்கிற காலத்தில், ஒரு மாடிப்படி முழுவதையும் அதில் வரைந்துவிட்டு, பிரின்ட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தாளாம். இந்த வரியைப் படித்துவிட்டு நான்கைந்து சிவில் மாணவர்களாவது நெற்றியில் அடித்துக்கொள்வார்கள் என்பது நிச்சயம்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பேப்பரில் எழுத்து 2.5 மி.மீ உயரம் இருந்தால் படிக்க வசதி. 1:100 அளவில் பிரின்ட் எடுப்பதானால், மில்லிமீட்டரில் வரைகிற படத்துக்குள் அதை 250 என்று போட வேண்டும். மீட்டரில் வரைந்தால் 0.25. ஏ3 தாளின் நீள அகலம் 420-க்கு 297 மி.மீ என்பதால், 1:100-ல் 42 மீட்டருக்கு 29.7 மீட்டர் இடம் அதில் அடங்கும். நம் ஊர் வீட்டுமனைக்குத் தாராளம். இதையெல்லாம் ஒருமுறை கணக்குப் போட்டு, ஏ3-க்கு ஒன்று, ஏ1-க்கு ஒன்று என லேஅவுட்டில் பதித்து, பிரின்ட் அமைப்பையும் சேர்த்து வைத்துவிட்டாள். முன்பெல்லாம் வரைந்து முடித்த பிறகு, பிரின்ட் சரியாக வருவதற்கே பாதி நாள் போகுமாம்.

'பெயர் எழுதவில்லை'

எனக்கு மிகவும் பிடித்தது பெயர்க்கட்டம்தான். அங்கே உரிமையாளர் பெயர், சர்வே நம்பர், உட்பிரிவு, வார்டு, கிராமம், தேதி ஆகியவை சாதாரண எழுத்தாக இல்லை. 'ஆட்ரிபியூட்' என்ற நிரப்பும் இடங்களாக இருக்கின்றன. தபால் ஆபீஸ் படிவம் மாதிரி.

காலியாக விட்டால் போதாதா என்று கேட்டேன்.

"காலியா விட்டா கண்ணுல படாது ஏட்டி. அவசரத்துல அப்படியே பிரின்ட் போயிரும். அதான் இப்படி வச்சிருக்கேன்" என்று காட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் தடித்த சிவப்பு எழுத்தில் 'பெயர் எழுதவில்லை', 'சர்வே நம்பர் எழுதவில்லை' என்று இருந்தது. சரியானதை நிரப்பும்வரை அது கத்திக்கொண்டே இருக்கும். நான்கைந்து மென்பொருள் நிபுணர்களின் வீடியோவில் டெம்ப்ளேட் பற்றிப் பார்த்துவிட்டேன், இந்த யோசனையை யாரும் சொல்லவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இது தோன்றும் போல.

பரப்பளவை இப்போது அவள் கையால் அடிப்பதே இல்லை. மனையின் எல்லையை ஒரே மூடிய கோடாக வரைந்து, அட்டவணையில் 'ஃபீல்ட்' என்ற வசதி மூலம் அந்தக் கோட்டோடு இணைத்துவிடுகிறாள். எல்லையை நகர்த்திவிட்டு 'ரீஜென்' கொடுத்தால் எண்ணும் மாறிவிடும். வாத்தியாரின் ஐந்தேகால் சென்ட் இனிமேல் யார் வீட்டிலும் குடியேற முடியாது.

டெம்ப்ளேட்டாலும் ஒரு ஆபத்து உண்டு. அதையும் அவளே அனுபவித்திருக்கிறாள். முதல் டெம்ப்ளேட்டில், வடக்கைக் காட்டும் அம்புக்குறியை அழகாக மேல்நோக்கி ஷீட்டின் மூலையில் வைத்திருந்தாள். மேற்குப் பார்த்த மனை ஒன்றுக்கு, வாசல் பக்கம் கீழே வருகிற மாதிரி படத்தைத் திருப்பி வரைந்தாள். அம்பு திரும்பவில்லை. பிளானைப் பார்த்த வீட்டம்மா, "என்னம்மா, அடுப்படி தென்கிழக்குலன்னு சொன்னேன், இதுல வடகிழக்குல இருக்கு" என்று பதறிப்போய் வந்துவிட்டார். அடுப்படி சரியான இடத்தில்தான் இருந்தது, அம்புதான் பொய். வாஸ்துவை விடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்று சுற்றிலும் நிற்கிற காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். திசை தப்பினால் சாரல் நேராக அடுப்புக்குள் வந்துவிடும். அன்றிலிருந்து அம்புக்குறி ஷீட்டுக்கு வெளியே, 'திருப்பி வை' என்ற குறிப்போடு படுத்திருக்கிறது. கையால் எடுத்து உள்ளே வைத்தால்தான் உண்டு.

எதையெல்லாம் தயாராக வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. படுக்கையறை, ஹால் எல்லாம் போட்ட ஒரு வீட்டையே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அக்காவுக்கு அது ஆகாது. "அப்புறம் இடத்துக்கு வீடு வரையமாட்டோம், வீட்டுக்கு இடம் தேடுவோம்" என்கிறாள்.

நான் கொஞ்சம் மறுத்தேன். அரசு அதைத்தானே செய்கிறது? சமத்துவபுரங்களில் நூறு நூறு வீடுகள் ஒரே மாதிரி நிற்கின்றன. இப்போதைய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் அளவு தீர்மானிக்கப்பட்டதுதான். மொத்தம் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு லட்சம் வீடுகள் கட்ட வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரைந்துகொண்டிருக்க முடியுமா? அக்கா ஒப்புக்கொண்டாள். அங்கே மதிப்பீடும் கம்பிக் கணக்கும் ஒன்றாக இருப்பது வேகத்துக்கும் நல்லது, கணக்கு கேட்பதற்கும் நல்லது. ஆனால் சொந்தக் காசையும் கடனையும் போட்டுக் கட்டுகிற அண்ணாச்சிக்கு அவர் மனைக்கு ஏற்ற வீடுதான் வேண்டும் என்பதில் அவள் இறங்கிவரவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தமிழில் எழுதினால் ஜிலேபி

உரிமையாளர் பெயரைத் தமிழில் போட்டுக் கேட்கிறவர்கள் நிறைய. முன்பு அக்கா பாமினி ஃபான்ட்டில் அடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். இப்போது டெம்ப்ளேட்டிலேயே தமிழுக்கென்று ஒரு எழுத்து ஸ்டைல், விண்டோஸோடு வருகிற யூனிகோட் ஃபான்ட்டில் வைத்திருக்கிறாள். கவனிக்க வேண்டியது, டெம்ப்ளேட் ஃபைலுக்குள் ஃபான்ட் போய் உட்காராது. கோட்டுத் தடிமனைத் தீர்மானிக்கிற பிளாட் ஸ்டைல் ஃபைலும் அப்படித்தான், தனி. இன்ஜினீயருக்கு அனுப்பும்போது 'இ-டிரான்ஸ்மிட்' கொடுத்தால் இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித்தரும்.

தயார் செய்து முடித்ததும் 'பர்ஜ்' கொடுத்து, பயன்படாத குப்பை லேயர்களையும் பிளாக்குகளையும் துடைத்துவிட்டு, சேவ் அஸ்-ல் டெம்ப்ளேட் வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. பிறகு 'ஆப்ஷன்ஸ்' பகுதியில், ஃபைல்ஸ் தாவலுக்குள் டெம்ப்ளேட் அமைப்புக்குப் போய், புது ஃபைல் திறந்தால் இதுதான் வர வேண்டும் என்று காட்டிவிடலாம். பென்டிரைவில் ஒரு நகல் கட்டாயம். அவளுடைய முதல் டெம்ப்ளேட் ஹார்ட்டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்ததாம்.

ஆட்டோகேட் வாங்க வசதியில்லை என்கிற மாணவர்களுக்கு: படிக்கிறவர்கள் அடையாளத்தைக் காட்டி அதைக் கல்விக்காக இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் தொழில் செய்யக்கூடாது. தொழிலுக்கும் செலவில்லாமல் வேண்டும் என்றால் லிப்ரேகேட் இருக்கிறது. அதிலும் டெம்ப்ளேட்டிலிருந்து புது ஃபைல் தொடங்கும் வசதி உண்டு. இரு பரிமாண பிளானுக்குப் போதும். 'கிராக்' போட்ட மென்பொருள் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கேட் தெரியாதவர்கள் இதை ஏன் படிக்க வேண்டும் என்றால், கட்டப்போவது நீங்கள்தான். 2024 ஜூலையில் இருந்து தமிழ்நாட்டில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற தரைத்தளம் அல்லது ஒரு மாடி கொண்ட குடியிருப்புகளுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லை, நல்ல விஷயம். ஆனால் 'சுயசான்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். கொடுத்த விவரம் சரி என்று உறுதி சொல்வது நாம்தான். முன்பு மேஜை மேஜையாகப் போகும்போது எந்த மேஜையிலாவது ஒருவர் சர்வே நம்பரைப் பார்த்திருப்பார். இப்போது அந்த மேஜை நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

அதனால் பிளானைக் கையில் வாங்கியதும் எலிவேஷன் படத்தைப் பார்த்துப் பூரித்துப் போவதற்கு முன், வலது கீழ்மூலைக்குப் போங்கள். பட்டாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியல் உள்பட பெயர், சர்வே நம்பர், சாய்கோட்டுக்குப் பிறகு வருகிற உட்பிரிவு நம்பர் ஆகியவற்றை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். பத்திரத்தில் இருக்கிற நான்கு பக்க அளவும் பிளானில் இருக்கிற நான்கு பக்க அளவும் ஒன்றா? புலப்பட வரைபடத்தில் அளவு மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்று பெருக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு மனையில் போய் நின்று, காலையில் சூரியன் வருகிற பக்கத்தை வைத்து அம்புக்குறி சரியா என்று பாருங்கள். பிடிஎஃப் மட்டும் வாங்காமல், கூலி பேசும்போதே மூல ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து மாடியில் ஒரு அறை எடுக்கும்போது, வரைந்தவர் துபாயில் இருக்கலாம்.

அண்ணாச்சியிடம் அக்கா பிளானுக்கான கூலியை வாங்கவில்லை. அவர் வற்புறுத்திக் கொடுக்க வந்தபோதும் மறுத்துவிட்டாள். கடைசியில் அவர் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாராம். வீடு இப்போது லிண்டல் மட்டம் தாண்டிவிட்டது. அந்த அம்மா தினமும் சாயங்காலம் வந்து, ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து, தண்ணீர் அடிக்கிறவனை அதட்டிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்குப் போன் வந்தது. சாம்பவர் வடகரைப் பக்கம் ஒரு மனை. அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, புது ஃபைலைத் திறந்தாள். திரையின் கீழ்மூலையில் சிவப்பு எழுத்து எரிந்தது, 'பெயர் எழுதவில்லை'.

"சொல்லுங்க அண்ணாச்சி. பட்டாவ கையில வச்சிருக்கீயளா? ஆமா, பட்டாதான். நீங்க சொல்ற இனிஷியல் வேண்டாம், அதுல என்ன போட்டுருக்குன்னு வாசிங்க."